அர்ச்சைத் திருமேனியைக் காக்கும் கைங்கர்யம்

எம்பெருமானுடைய நிலைகள் பரம், வியூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என ஐந்து. அவற்றுள் அர்ச்சையின் ஏற்றம் எளிமையிலே விளங்கும். அனைத்துலகையும் காக்கும் ஸ்வாமி, திருமஞ்சனம், அமுது, சயனம் யாவற்றிலும் அர்ச்சகனுக்கு வசப்பட்டு நிற்கிறான் என்பர் பூர்வாசார்யர்கள். ஆகவே அத்திருமேனியைக் காக்கும் பொறுப்பும் அடியார்களுடையதே என்பது தானே பெறப்படும்.

அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருந்த ஸ்ரீராமன், ஸீதாபிராட்டி, இளையபெருமாள் விக்ரஹங்கள் 1978ஆம் ஆண்டு களவு போயின. 2020ஆம் ஆண்டு அவை லண்டனில் மீட்கப்பெற்று இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்குப் பெருந்துணையாயிற்று, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958இல் எடுத்து வைத்த புகைப்படம்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயிலில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதித் திருமங்கையாழ்வார் திருமேனி களவாடப்பட்டு, அவ்விடத்தில் போலி உரு வைக்கப்பட்டது. மெய்யுரு 1967இல் லண்டன் ஏலத்தில் விற்கப்பட்டு ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிசாலையை அடைந்தது. 1957ஆம் ஆண்டுப் புகைப்படமே பல்லாண்டுகட்குப் பின் உண்மையை வெளியிட்டது. 2024இல் அப்பல்கலைக்கழகம் திருமேனியைத் திருப்பியளிக்க இசைந்தது.

தொல்பொருள்களை நாட்டினின்றும் கடத்துதலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் 'இவர் இக்கோயில் மூர்த்தியே' என்று நிலைநாட்டச் சான்று வேண்டுமன்றோ? வஸ்த்ரமும் மாலையும் சாற்றிய கோலத்தில் போலியைப் பிரித்தறிதல் அரிது. திருமேனியின் தழும்பும் தேய்வும் அறிபவர் திருமஞ்சனம் செய்விக்கும் அர்ச்சகரே. அவ்வறிவு ஒருவருடைய நினைவோடு ஒழியலாகாது.

ஆதலின் ஒவ்வொரு உத்ஸவ மூர்த்திக்கும் முன்னும் பின்னும் இருமருங்கும் படமெடுத்தல் வேண்டும். உயரம், எடை, திருக்கரத்து ஆயுதம், பீடத்தின் அமைப்பு, பழுது பார்த்த இடம் ஆகியவை பதிவேட்டில் ஏறவேண்டும். பிரதியொன்று கோயிலுக்கு வெளியேயும் பாதுகாப்பாக இருத்தல் நன்று. மூலவரைப் படமெடுத்தல் வழக்கமன்று என்னும் ஸம்ப்ரதாயத்திற்கு இதனால் பங்கமில்லை. தூக்கிச் செல்லத்தக்கவை உத்ஸவத் திருமேனிகளே.

ஸம்ப்ரோக்ஷணத் திருப்பணி தொடங்குமுன் சுவர்க் கல்வெட்டுகளையும் படியெடுத்தல் அவசியம். சுண்ணமும் சிமெண்டும் மூடிய கல்வெட்டு, முன்னோர் விட்ட நிலத்தையும் விளக்கையும் இனி எவர்க்கும் உரையாது.

களவுக்குப்பின் கதறுதல் எளிது. களவுக்குமுன் குறித்து வைத்தலே கைங்கர்யம். புஷ்பமும் துளஸியும் ஸமர்ப்பிக்கும் கைகள் இதனையும் செய்யுமாயின், எம்பெருமான் எழுந்தருளிய இடத்திலேயே என்றும் ஸேவை ஸாதிப்பான்.

சுபம்.