பார்த்து எழுதுதலும் எண்ணி எழுதுதலும்

‘எழுது’ என்று ஆசிரியர் கூறியதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்க்கின்றனர். அங்குள்ளதைப் பிழையின்றி ஏட்டில் இறக்கிவிட்டால் பணி முடிந்தது. கைக்கு இது நல்ல பயிற்சிதான். ஆனால் இதனை எழுத்து என்பது கிளிப்பேச்சை உரையாடல் என்பது போன்றது. தன்னுள் எழுந்த ஓர் எண்ணத்தை மற்றொருவருக்குத் தெரிவிக்க விரும்பிக் குழந்தை தானே சொல் தேடும்போதுதான் எழுத்து பிறக்கிறது.

முதல் வகுப்பிலேயே இது இயலுமா? கர்நாடகத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1995-இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளைக் கண்டுவந்து ‘நலி கலி’ என்ற முறையைத் தொடங்கினர். மகிழ்ந்து கற்றல் என்பது அதன் கருத்து. அதில் எழுத்துகள் அகரவரிசையில் வருவதில்லை. கன்னட வரிவடிவில் ஒன்றுக்கொன்று சாயலுள்ள ர, க, ஸ, த, அ ஆகிய ஐந்தும் முதலில் வருகின்றன. இவற்றை மட்டும் கற்ற குழந்தை, சாறு எனப் பொருள்படும் ‘ரஸ’, அரசனைக் குறிக்கும் ‘அரஸ’, மரமறுக்கும் வாளைக் குறிக்கும் ‘கரகஸ’ ஆகிய சொற்களை எழுதிவிடலாம். நெடுங்கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழிலும் ப, ட, ம என்ற மூன்றோடு புள்ளியையும் சேர்த்தால் படம், பட்டம், மடம், மட்டம் எனச் சொற்கள் கிடைக்கின்றன. அகரவரிசை அகராதி பார்ப்பவருக்கு இன்றியமையாதது. ஐந்து வயதில் அதற்கு அவசரமில்லை.

எனினும், அச்சொற்களும் பிறர் தேர்ந்து தந்தவையே. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் மேலும் ஒரு படி சென்றார். தமது அனுபவத்தை 1963-இல் ‘டீச்சர்’ என்ற நூலாக வெளியிட்டார். குழந்தை விரும்பிக் கேட்கும் சொல்லை அட்டையில் எழுதித் தருவார். மறுநாள் அதற்கு அடையாளம் தெரியாத அட்டை விலக்கப்படும். அச்சொல் அதன் உள்ளத்திலிருந்து வரவில்லை என்று கொள்வார். அச்சத்தையும் அன்பையும் சுட்டும் சொற்கள் ஒரே பார்வையில் நிலைத்தனவாம்.

பெங்களூருவில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடநூலில் ஆங்கிலம் என வளரும் குழந்தையும் கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதிவிடும். அதனிடம் சொந்தமாக ஒரு வாக்கியமும் பிறக்கவில்லை என்பதை அழகிய கையெழுத்து மறைத்துவிடுகிறது. இத்தகைய குழந்தையை முதலில் வரையச் சொல்லலாம். வரைந்ததைப் பற்றித் தன் மொழியிலேயே பேசச் சொல்லலாம். அது கூறியதை ஆசிரியரோ, அம்மொழி அறிந்த மற்றொரு மாணவரோ படத்தின்கீழ் அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டவேண்டும். தன் பேச்சு எழுத்தாகி நிற்பதைக் காணும் குழந்தை அடுத்த வரியைத் தானே முயல்கிறது. வரையத் தயங்குவோருக்குப் படக்கதைகள் உதவும். பெங்களூருவில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ், 2015-இல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையதளத்தைத் திறந்து தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் கதைகளைக் கட்டணமின்றித் தந்துவருகிறது. எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டினால், சொல்லத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும்.

பிழைகளை என்ன செய்வது? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதினர். தவறினால் கை தடவ அது மறைந்தது. நாமோ சிவப்பு மையால் அதை நிலைபெறச் செய்கிறோம்! ‘பாட்டி ஊருக்கு போனங்க’ என்று ஒரு குழந்தை எழுதினால், ‘எப்போது திரும்பி வந்தார்கள்?’ என்று முதலில் கேட்கலாம். விடையாக இன்னொரு வரி வரும். அதன் பின்னர், ‘போனாங்க’ என்பதில் விடுபட்ட காலை மட்டும் அன்று சுட்டினால் போதும்; ஒற்று மறுவாரம் வரை காத்திருக்கும்.