பதுளையில் ஏறுங்கள்

கண்டி ரயில் நிலைய நடைமேடையில் காலை எட்டு மணிக்கு மேல் நின்றால் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றையாவது பார்க்கலாம். சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் மூன்று, நொறுக்குத்தீனிப் பை, கைப்பேசியில் ஒன்பது வளைவுப் பாலத்தின் படம். கொழும்பிலிருந்து பதுளை ரயில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும். வாசல்படி வரை ஆள். எப்படியோ ஏறி, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, யாருடைய தோளுக்கு மேலாகவோ தேயிலையை எட்டிப் பார்த்துக்கொண்டு, ஆறேழு மணி நேரம் கழித்து எல்லவில் இறங்குவார்கள். என் சித்தி குடும்பம் அப்படித்தான் போய் வந்தது. "என்னமோ உலகத்துலயே அழகான ரயில் பாதைன்னு சொன்னே, எனக்கு ஒரு தாத்தாவோட முதுகுதான் தெரிஞ்சுது" என்றாள். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. பாதை உண்மையிலேயே அவ்வளவு அழகு; போன விதம்தான் தப்பு.

இலங்கையை ரயிலில் சுற்றுவது கடினமே இல்லை. நிலையப் பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறது, கட்டணம் குறைவு, தூரங்களும் சிறியவை. தடுமாற்றமெல்லாம் மலைப்பாதையில்தான். அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைப்பாதை பல இடங்களில் மண்சரிவால் சிதைந்தது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று கேட்டு உறுதி செய்த பிறகே தங்குமிடம் பதிவு செய்யுங்கள். இலங்கையில் 1919 என்ற அரசுத் தகவல் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நான் சொல்லும் முறையில் பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டால், ஏதாவது ஒரு துண்டு மூடியிருந்தாலும் அதை மட்டும் பேருந்தில் தாண்டிவிடலாம்.

மலைப்பாதை என்றால் கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை, சுமார் 290 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கே ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். அவ்வளவு ஏற்றம், அவ்வளவு வளைவு. எல்லோரும் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ எல்லவுக்குப் போகிறார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள். காரணம் எளிது: பதுளைதான் கடைசி நிலையம். ரயில் அங்கேதான் காலியாகப் புறப்படுகிறது. முன்பதிவு இல்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினாலும், அரை மணி நேரம் முன்னால் போனால் ஜன்னலோர இருக்கை உங்களுடையது. வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் பதுளைக்கு வருவதே இல்லை, எல்லவிலேயே இறங்கிவிடுகிறார்கள். அதுதான் உங்கள் அதிர்ஷ்டம்.

பதுளைக்கு எப்படிப் போவது? கோட்டையிலிருந்து இரவு தபால் ரயில் உண்டு. முன்பதிவு கிடைத்தால் அதில் தூங்கிக்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் பேருந்து. இருட்டில் மலையைக் கடக்கிறோமே என்று வருந்தாதீர்கள், பகலில் அதே வழியாகத்தான் திரும்பப்போகிறீர்கள். பதுளையில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும் என்பது என் விதி. துன்ஹிந்த அருவி ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். அன்று மாலை அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ரயிலைப் பிடியுங்கள். கொழும்புக்குப் போகும் பகல் நேர விரைவு ரயில்கள் காலையிலேயே கிளம்பிவிடும். நேரம் அவ்வப்போது மாறுகிறது; முந்தின நாளே நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த வகுப்பு. இதில் காசு அதிகம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். குளிர்சாதன முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூடுபனி, இந்தப் பக்கம் உங்கள் முகம். மலைப்பாதையில் அந்த வகுப்பை வாங்காதீர்கள். முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ போதும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்றில் உட்காரலாம். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும். கண்டி-எல்ல இருக்கைகள் திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும். அந்தப் போட்டிக்குள் போக வேண்டாம். எல்ல கிடைக்கவில்லையென்றால் பதுளை வரை தேடுங்கள், கூடுதல் பணம் பெரிதில்லை. தரகரிடம் பல மடங்கு விலை கொடுத்து ஒருபோதும் வாங்காதீர்கள். என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கிய சீட்டில் இருந்த பெயரே வேறு. பரிசோதகர் வந்தபோது எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. முன்பதிவுச் சீட்டு என்றால் உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடு இருக்கட்டும். கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

முன்பதிவு இல்லாத சீட்டு வேறு கதை. அன்றன்றைக்கு நிலைய ஜன்னலில் கொடுப்பார்கள், தீர்ந்துபோகாது. அதனால்தான் கூட்டம் சேர்கிறது. அதனால்தான் புறப்படும் நிலையத்தில் ஏறச் சொல்கிறேன்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மலை உச்சியில் இதற்கு அர்த்தமே இல்லை, பாதை பாம்பாகச் சுருள்வதால் பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பதுளை ரயில்களில் கண்டிக்குள் நுழைபவை அங்கே முன்பின்னாகத் திரும்பிக் கிளம்புகின்றன. உங்கள் வலது இடதாகிவிடும். சில ரயில்கள் கண்டிக்குள் வராமலே பேராதனைச் சந்தி வழியாகப் போய்விடும். கண்டியில் காத்திருந்து ரயிலைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ரயில் கண்டியைத் தொடுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது துண்டுகள்.

முதல் துண்டு பதுளையிலிருந்து எல்ல வரை, ஒரு மணி நேரம் அளவில். இதற்குள்ளேயே இரண்டு அதிசயங்கள். தெமோதரையில் ரயில் முதலில் நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்து, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, அதே நிலையத்தில் வந்து நிற்கும். ஏற்றம் மிகச் செங்குத்து என்பதால் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். நிறையப் பேர் கைப்பேசியில் மூழ்கி இதைத் தவறவிடுகிறார்கள். சுரங்கம் வந்தவுடன் தலையை நிமிர்த்துங்கள். அடுத்தது ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடிக்கப்பட்டது, சுமார் 91 மீட்டர் நீளம். இரும்பு இல்லாமல் கல்லும் செங்கலும் சிமெண்டும் கொண்டு எழுப்பியது. ஆனால் ரயிலில் இருந்தால் பாலம் தெரியாது, நீங்கள்தான் அதன் மேல் இருக்கிறீர்களே. பாலத்தைப் பார்க்க எல்லவில் இறங்கி, ஓர் அரை மணி நேரம் நடந்து கீழே போய், அடுத்த ரயில் அதன் மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள். வளைவுக்கு அப்பால் சுரங்கம். ரயில் வெளியே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

எல்லவிலிருந்து அப்புத்தளை இரண்டாவது துண்டு. பண்டாரவளை வழியாக ஏறும் அருமையான ஏற்றம். அப்புத்தளையில் ஓர் இரவு தங்குங்கள். எல்லவை விட அமைதி, விலையும் குறைவு.

மூன்றாவது துண்டுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. அப்புத்தளையிலிருந்து நானு ஓயா வரை. ஒரே ஒரு துண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். இதல்கஸ்ஹின்ன நிலையம் மலைமுதுகின் மேல் இருக்கிறது. இரண்டு பக்கமும் நிலம் சரிந்து கீழே போகும். அதற்குப் பிறகு தேயிலை விலகி, காட்டுக்குள் நுழைகிறோம். ஒஹிய, பிறகு மலையின் உச்சிச் சுரங்கம், பிறகு பட்டிப்பொல, 1,891 மீட்டர் உயரத்தில். பதுளையில் நீங்கள் ஏறியது சுமார் 650 மீட்டரில். இந்தச் சுரங்கம் இரண்டு வானிலைகளுக்கு நடுவே நிற்கும் கதவு. பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வெயில் அடிக்க, சுரங்கத்தின் மறுவாயில் வெள்ளைப் பனியாக இருக்கும். சில மாதங்களில் நேர்மாறாக. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் ஊவாவுக்கு மழை. இரண்டு பக்கமும் தெளிவாக வேண்டுமென்றால் ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். ஸ்வெட்டர் பெட்டியில் அல்ல, மடியில் இருக்கட்டும்.

போன ஆண்டின் தொடக்கத்தில் சித்தியை மறுபடியும் இந்த வழியில் கூட்டிப்போனேன். ஒஹியவிலிருந்து பட்டிப்பொல வரை அவள் வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்த முறுக்கையும் பிரிக்கவில்லை.

நானு ஓயாவில் இறங்கினால் நுவரெலியா எட்டுக் கிலோமீட்டர்; நிலைய வாசலில் பேருந்தும் ஆட்டோவும் நிற்கும். அங்கிருந்து தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் வரை நாலாவது துண்டு. முழுக்கத் தேயிலை. இதை மூன்றாம் வகுப்பில்தான் போக வேண்டும், இடையில் ஓடும் சாதாரண ரயில் கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத்து மனிதர்களும் ஏறுவார்கள். அவர்கள் பேசும் தமிழைக் கேளுங்கள். ரயிலை அவர்கள் கோச்சி என்பார்கள். "எந்த ஊருங்க?" என்று உங்களைக் கேட்டுவிட்டு, தங்கள் பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கம், சேலம் பக்கம் என்று சொல்வார்கள். இந்த ரயில் பாதை பிறந்ததே அவர்கள் முன்னோர் உழைத்த தோட்டங்களுக்காக. முதல் பாதை 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை திறந்தது; 1867இல் கண்டியை எட்டியது; அப்போது இறக்க வேண்டியிருந்தது கோப்பி மூட்டைகளை. இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை வந்தது. பாதையும் தேயிலையோடு மேலே ஏறி 1885இல் நானு ஓயாவையும், 1924இல் பதுளையையும் தொட்டது. இருபுறமும் நீங்கள் ரசிக்கும் பச்சை அவர்கள் குடும்பங்களின் கைவேலை. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சிவனொளிபாதமலை ஏறுபவர்கள் ஹட்டனில் இறங்கலாம். யாத்திரைக் காலம் டிசம்பரிலிருந்து மே வரை. ஹட்டனிலிருந்து கண்டி வரை நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் பேருந்து. கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது மட்டும் இடதுபக்கம் பிடியுங்கள்: கடுகண்ணாவையிலிருந்து ரம்புக்கனை வரை பாதை மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டு இறங்கும், பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம். ஏறும்போதானால் வலது.

வாசலில் உட்கார்ந்து கால் தொங்கவிடுவதை எல்லோரும் செய்கிறார்கள்; நீங்கள் செய்யாதீர்கள். இந்தப் பாதையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு, பாறை கைக்கெட்டும் தூரத்தில் உரசிப்போகும். ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் போதும், பெரிய பெட்டியைக் கொழும்பில் தங்கிய இடத்திலேயே விடுங்கள். சாப்பாட்டுப் பார்சலை ஏறும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வடையும் கடலையும் வரும். இறால் வைத்த வடையை விடாதீர்கள்.

மற்றப் பாதைகளுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

தெற்கே காலிக்குப் போகும்போது கடல் வலதுபக்கம். மாலையில் போகாதீர்கள், அலுவலகம் விட்டு வருபவர்கள் ரயிலை நிறைத்துவிடுவார்கள். காலை ஒன்பதுக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பாதையின் ரயில்களில் பல மருதானையிலேயே புறப்படுகின்றன. கோட்டைக்கு ஒரு நிலையம் முன்னால் அங்கே போய் ஏறினால் கடல்பக்க ஜன்னல் உறுதி. இக்கடுவைக்கு முன்னால் பெரலியவில், 2004 ஆழிப்பேரலை ஒரு ரயிலையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடத்தில், நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் கொஞ்ச நேரம் எழுந்து நில்லுங்கள்.

வடக்கே யாழ்ப்பாணப் பாதை சுமார் 400 கிலோமீட்டர். இதைப் பகலில்தான் போக வேண்டும், ஆனையிறவுக் கடல்நீரேரியை இருட்டில் கடந்தால் பயனில்லை. இங்கே மட்டும் குளிர்சாதன வகுப்பு வாங்கலாம். வன்னி வெயில் கடுமை. போரில் 1990இல் நின்றுபோன யாழ் ரயில் 2014 அக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணத்துக்குள் வந்தது. கடைசி நிலையம் காங்கேசன்துறை. நாகப்பட்டினத்திலிருந்து 2023இல் தொடங்கிய கப்பல் வந்து சேருவதும் அங்கேதான். பருவமழைக் காலத்தில் கப்பல் நின்றுவிடும்; மற்ற மாதங்களில் நாகையில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்தே ரயிலில் இலங்கையைத் தொடங்கலாம். 1964 புயலில் தனுஷ்கோடி அழியும் வரை நம் ஊர்க்காரர்கள் போட் மெயிலில் போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, அப்படித்தான் கொழும்பு சேர்ந்தார்கள்.

கடைசியாக ஒன்று. இறங்கும் நிலையத்தின் வாசலில் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நினைவுக்கு வேண்டுமென்றால் அதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டு வாசலில் பையைக் கொட்டித் தேடாதீர்கள்.