தொட்டு நாமமும் நோயுற்ற வீடும்



தொட்டால் தீட்டு என்றிருந்த காலத்தில், நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றும் முறையை அய்யா வைகுண்டர் தந்தருளினார். அந்த நாமம் இட்டவர், தீராத நோய் கண்ட நண்பரின் வீட்டை ஒதுக்கலாகாது. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசலாம்.

கூட்டேரிப்பட்டில் ஒருவர் படுத்துவிட்டால், புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வரவே அந்தக் குடும்பத்துக்கு ஒரு பகல் கழியும். அன்று மாட்டைப் பார்க்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆளிருக்காது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் கூச்சத்தில் கேட்கமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை சோறு எங்க வீட்டிலிருந்து வரும்", "அண்ணி, இன்னிக்கு ராத்திரி நான் கண்விழிக்கிறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லி, சொன்னபடி செய்வதே உதவி.

வலியைப் பொறுக்கச் சொல்வது பக்தியாகாது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிக்கும் பராமரிப்பு வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்து கொடுப்பது நண்பரின் வேலை. தாங்கலில் அவருக்காக வேண்டுவதோடு இதையும் செய்யவேண்டும்.

அடக்கம் முடிந்ததும் உறவினர் ஊர் திரும்பிவிடுவர். அதன்பிறகும் அந்த வாசலுக்குப் போய், பிள்ளைகளை விசாரித்து வருவதே அய்யா காட்டிய தர்மம்.

அய்யா துணை.