மானுக்கும் வேண்டும் மறைவிடம்



சுவிற்சர்லாந்தில் வாழும் நமக்குக் காடு தொலைவில் உள்ளதன்று. பேருந்தின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் பல ஊர்களில் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். பாடசாலையினர் நம் பிள்ளைகளைக் காட்டுநாளுக்கும் பனிச்சறுக்கு முகாமுக்கும் அழைத்துச் செல்கின்றனர். நாமும் விடுமுறை நாள்களில் குடும்பமாகச் சென்று நெருப்பு மூட்டி உணவு வாட்டி உண்டு மகிழ்கின்றோம். அக்காட்டில் நமக்கு முன்பே குடியிருப்போர் சிலர் உளர். அவர்களுள் மானைப் பற்றியதே இப்பாடம்.

இருவகை மான்கள்

தமிழில் ஆண்மானைக் கலை என்றும், பெண்மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் வழங்குவர். இந்நாட்டுக் காடுகளில் பெரும்பாலும் இருவகை மான்களைக் காணலாம். ஜேர்மன் மொழியில் 'றே' எனப்படுவது ஆட்டின் அளவுள்ள சிறுமான். 'ஹிர்ஷ்' எனப்படுவது செம்மான்; அதன் கலை கிளைத்த பெருங்கொம்புகளை உடையது. 19ஆம் நூற்றாண்டில் அளவுகடந்த வேட்டையினால் செம்மான் இந்நாட்டில் அற்றுப்போயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் பக்கத்திலிருந்து எல்லை கடந்து மீண்டும் வந்து குடியேறியது.

மறைவிடம் எதற்கு?

மான் அசைபோடும் விலங்கு. விரைவாக மேய்ந்து வயிற்றை நிரப்பும். பின்னர் அச்சமற்ற ஓரிடத்திற் படுத்து அசைபோடும். ஒரு நாளிற் பல தடவை இவ்வாறு நிகழவேண்டும். படுத்திருக்கும் மானை எழுப்பி ஓடச் செய்தால் அதன் உணவு செரிப்பதும் தடைப்படுகின்றது.

செம்மான் இயல்பாகப் பகலிலும் திறந்த புல்வெளியில் மேயும் விலங்காகும். வேட்டைக்கும் மனித நடமாட்டத்துக்கும் அஞ்சியே அது பகலில் அடர்ந்த காட்டுக்குள் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வருகின்றது. இதற்குச் சான்று 1914ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவாகும். கிறவுபுண்டன் மாநிலத்தில் ஏறக்குறைய 170 சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்த அப்பூங்காவில் வேட்டை இல்லை. நாய்க்கு அனுமதி இல்லை. பாதையை விட்டு விலகுதல் குற்றம். மாரியில் எவரும் நுழைய முடியாது. அங்குள்ள துருப்சூன் பள்ளத்தாக்கிலே, செப்ரெம்பர் மாதத்தில் கலைகள் பகல் வெளிச்சத்திற் கத்திப் பொருதுவதைப் பாதையில் நின்றே பார்க்கலாம். மனிதர் எங்கே வருவர், எங்கே வரமாட்டார் என்பது தெரிந்தால் மானின் அச்சம் குறைகின்றது. எதிர்பாராத திசையிலிருந்து தோன்றும் மனிதனே அதற்குப் பேரச்சம் தருகின்றான்.

மாரியின் சிக்கனம்

மாரியில் உணவு அரிது. மான் கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அக்காலத்தைக் கடக்கவேண்டும். செம்மானின் இதயத்துடிப்பு, கோடைத் தொடக்கத்தில் இருக்கும் உச்ச நிலையைவிட மாரியில் ஏறக்குறைய 60 வீதம் குறைகின்றது என ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குளிர்ந்த இரவுகளில் அதன் உடலின் வெளிப்பகுதி 15 பாகை செல்சியஸ் வரை குளிர்வதையும் அவர்கள் அளந்தனர். வருவாய் குறைந்த வீட்டில் தாய் விளக்கையும் அடுப்பையும் அளந்து எரிப்பது போன்றது இது.

அவ்வேளையில் சறுக்குப் பாதையை விட்டு விலகி ஒருவர் காட்டினூடே சறுக்கி வருகின்றார் என வைத்துக்கொள்வோம். குளிர்ந்திருந்த உடலை ஒரு நொடியிற் சூடேற்றி, ஆழ்ந்த பனியில் கால் புதையப் புதைய மான் ஓடவேண்டியுள்ளது. பல நாள்களுக்கென வைத்த சேமிப்பு சில நிமிடங்களிற் கரைகின்றது. இது அடிக்கடி நேர்ந்தால் வசந்தம் வருமுன்பே அது மெலிந்து இறக்கவும் கூடும். பிழைத்த மானோ, பசி தீர இளமரங்களின் குருத்தைக் கடிக்கும், பட்டையை உரிக்கும். மலைச்சரிவுக் காடுகள் கீழேயுள்ள ஊர்களைப் பனிச்சரிவிலிருந்து காப்பவை. ஆகவே மானுக்கு நேரும் இடர் மனிதனையும் வந்து சேர்கின்றது.

மறியைத் தொடாதீர்

மே, யூன் மாதங்களில் சிறுமான் தன் மறியை உயர்ந்த புல்லில் படுக்கவைத்துவிட்டு அப்பாற் சென்று மேயும். மறிக்கு மணம் மிகக் குறைவு. வெண்புள்ளிகள் அதனை மறைக்கும். ஆபத்து நேர்ந்தால் அது ஓடாது, அசையாமற் கிடக்கும். தனியே கிடக்கும் மறி கைவிடப்பட்டது என எண்ணித் தூக்கிவிடாதீர்கள். தாய் அருகிலேதான் இருக்கும். நாம் விலகினால் பாலூட்ட வரும். அவிழ்த்துவிட்ட நாய்க்கோ அந்த மறி எளிதில் இரையாகிவிடும்.

நாம் செய்யவேண்டியவை

1. காட்டு விலங்குகளின் அமைதி வலயங்களை மதித்தல். 2012ஆம் ஆண்டிலிருந்து கூட்டாட்சியின் விதிகளிலும் இவை இடம்பெற்றுள்ளன. மீறுவோர் தண்டம் செலுத்த நேரிடும்.
2. காட்டில் குறிக்கப்பட்ட பாதையிலேயே நடத்தல், சறுக்குதல்.
3. மாரியில் காட்டின் ஓரங்களையும் பனியற்ற இடங்களையும் தவிர்த்தல். அவையே விலங்குகள் மிகவும் விரும்பும் இடங்கள்.
4. நாயைக் கயிற்றிற் பிடித்துச் செல்லுதல்.

புகலிடம் என்னும் சொல்லின் பொருளை நம் தலைமுறைக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அச்சொல் அகராதியில் மட்டும் இருப்பதாகுக என்பதே நம் வேண்டுதல். எனினும், ஓர் உயிர் அச்சமின்றிக் கண்மூட ஓரிடம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. காட்டுப் பாதையில் ஓர் அடி விலகாமல் நடப்பதும் அவ்வறிவின் பயனேயாகும்.

பயிற்சி

1. கலை, பிணை, மறி என்னும் சொற்களை வாக்கியத்தில் அமைக்குக.
2. மாரியில் மானை ஓடச் செய்தல் ஏன் தீங்கானது? ஐந்து வரிகளில் எழுதுக.
3. உங்கள் ஊருக்கு அண்மையில் அமைதி வலயம் உண்டா? பெற்றோருடன் வரைபடத்திற் தேடிக் குறிக்குக.