கரண்ட் போனாலும் ஓடுகிற தாளக் கருவி எது?

சென்னையில் பீட் செய்கிற நண்பர் ஒரு கருவியைப் புகழ்ந்தார் என்பதற்காக, போர்ட் பிளேயர் என்கிற ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பவர் அதையே வாங்கிவிடக் கூடாது. அங்கே பேட் எவ்வளவு மென்மை, திரை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியவை வேறு. இந்தத் தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. நிலப்பகுதி மின்கட்டமைப்போடு இணைப்பு கிடையாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை. எந்நேரமும் உப்புக்காற்று. கருவி கெட்டுப்போனால் பழுது பார்க்கிறவர் 1,190 கி.மீ. கடலுக்கு அப்பால் இருக்கிறார். ஆகவே எந்தப் பேட்டரியில் ஓடும், ஈரத்தை எப்படித் தாங்கும் என்பவைதான் முதல் கேள்விகள்.

அவற்றுக்கு இணையாக நான் வைக்கும் இன்னொரு கேள்வி: அந்தக் கருவிக்கு மைக் உண்டா? நெட்டில் கிடைக்கும் ஓசைத் தொகுப்புகளில் டோலக் இருக்கும், பறைகூட இருக்கும். சாத்தம் மர அறுவை ஆலையின் ரம்பமும், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகு கிளம்பும்போது எஞ்சின் இரைவதும், தகரக் கூரையில் மழை தொடங்கும் முதல் அரை நிமிடமும் எந்தத் தொகுப்பிலும் இருக்காது. அவற்றை இங்கே வாழ்கிறவர்தான் பிடிக்க முடியும்.

தாளக் கருவிகள் இரண்டு வகை. டிரம் மெஷின் தன் சர்க்யூட்டுக்குள் பிறக்கும் ஓசையைத் தரும். 1982இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் டிஆர்-808ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓர் ஆல்பமாக வாசித்தாரே, அந்த வகை. சாம்ப்ளர் நீங்கள் கொடுத்த ஓசையைத்தான் திருப்பித் தரும். இன்றைய சிறு கருவிகள் பலவும் இரண்டு வேலையையும் செய்கின்றன. ஆனாலும் தீவில் இருப்பவருக்கு சாம்ப்ளர் பக்கம்தான் கனம் கூட இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாகத் தொடங்குகிறவர் உடனே எதையும் வாங்க வேண்டாம். கோலா சாம்ப்ளர் என்ற செயலி ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போன் மைக்கில் பிடித்ததை 64 பேடுகளில் வைத்து வாசிக்கலாம், அடுக்கலாம், WAV கோப்பாக வெளியே எடுக்கலாம். புளூடூத் இயர்போன் மட்டும் கூடாது. விரல் தட்டிய பிறகு ஓசை தாமதமாக வரும், தாளம் பிடிபடாது. வயர் உள்ளதைச் செருகுங்கள். சில மாதம் இதில் வேலை செய்தால், பொத்தானும் பேடும் உள்ள தனிக் கருவி உங்களுக்குத் தேவையா என்பது தானாகத் தெரிந்துவிடும். தேவையில்லை என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான்.

தனிக் கருவிகளில் மிகச் சிறியது டீனேஜ் எஞ்சினியரிங்கின் பிஓ-33. கால்குலேட்டர் அளவு. இரண்டு AAA பேட்டரி, உள்ளேயே மைக், ஸ்பீக்கர். மொத்த நினைவகம் 40 விநாடிதான், ஆனால் அந்த நெருக்கடியே வேண்டாததை வெட்டக் கற்றுக்கொடுக்கும். கார்க் வோல்கா சாம்பிள் 2இன் விலை ஆசை காட்டும். அதில் நேரடியாக ஒலிப்பதிவு செய்ய முடியாது, ஓசையை வெளியிலிருந்து அனுப்ப வேண்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி இரண்டு கருவிகளுக்கு இடையில்தான். ஒன்று 2023 இறுதியில் வந்த டீனேஜ் எஞ்சினியரிங் இபி-133. இன்னொன்று 2021இல் வந்த ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2. முதலாவது அறிமுகமானபோது 299 டாலர், இரண்டாவது ஏறக்குறைய 500 டாலர். இந்தியாவில் வரியும் சேர்ந்து கூடும்.

இரண்டையும் ஒப்பிட, பங்குனி உத்திரத்தில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உறுமி வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுமியின் ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்புதான் உறுமலாக ஏறி இறங்குகிறது. இபி-133ஐப் பையிலிருந்து எடுத்து, வாசிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நாலைந்து அடி தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால் பதிவாகிவிடும். மைக் உள்ளேயே இருக்கிறது. ரொம்ப நெருங்கினால் ஓசை பிளந்து கரகரக்கும், அவ்வளவுதான். எம்கே2இல் மைக் இல்லை. பழைய எஸ்பி-404இல் இருந்ததை இதில் எடுத்துவிட்டார்கள். தனியாக டைனமிக் மைக்கும் கேபிளும் கொண்டுபோக வேண்டும்; அல்லது போனில் பதிவு செய்து SD கார்டு வழியாக ஏற்ற வேண்டும். தெருவில் நின்று பிடிப்பதில் இபி-133க்குத்தான் வெற்றி.

வீட்டுக்கு வந்தபின் நிலைமை மாறுகிறது. உறுமலைத் தட்டியவுடன் முழுதாக ஒலிக்கும்படி வைத்தால் தாளத்தில் பொருந்தாது. விரல் அழுத்தியிருக்கும்வரை ஒலித்து, எடுத்தால் நிற்க வேண்டும். எம்கே2இல் அதற்கு கேட் என்று தனிப் பொத்தானே உண்டு. இபி-133இலும் வழி இருக்கிறது, ஆனால் அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும். ஒலியை மாற்றும் எஃபெக்டுகளில் எம்கே2 பல படி மேலே. உறுமலைப் பழைய கேசட்டில் ஒலிப்பதுபோல் மங்கலாக்கி, அதை அப்படியே மறுபடி பதிவு செய்து, அதன்மேல் இன்னொன்றை ஏற்றலாம். இதற்கென்றே பலர் இந்தக் கருவியை விரும்புகிறார்கள். இன்னொரு வசதி ஸ்கிப்-பேக்: எதையும் அழுத்தாமலே கடந்த சில விநாடிகளை அது நினைவில் வைத்திருக்கும், விரல் நல்லதாக ஏதாவது வாசித்துவிட்டால், வாசித்த பிறகு பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். இபி-133க்கு 2025இல் வந்த பெரிய மென்பொருள் புதுப்பிப்பில் மறுபதிவும் பாட்டு வரிசையும் சேர்ந்திருக்கின்றன, ஆகவே இடைவெளி குறைந்திருக்கிறது.

நம் தாளத்துக்கு மிக முக்கியமான ஒன்றை யூடியூப் விமர்சகர்கள் தொடுவதே இல்லை. காவடிக்கும் நையாண்டிக்கும் நடை பெரும்பாலும் திஸ்ரம், அடிக்கு மூன்று. இந்தக் கருவிகள் பிறந்த ஊரில் அடிக்கு நான்கு. கருவி தன் கட்டத்துக்கு இழுத்துச் சரிசெய்தால் (இதைத்தான் குவாண்டைஸ் என்கிறார்கள்), திஸ்ரத்தில் வாசித்த பம்பை நொண்டும். இபி-133, எம்கே2 இரண்டிலும் குவாண்டைஸ் அமைப்பில் T என்ற எழுத்தோடு வரும் டிரிப்ளெட் அளவைத் தேர்ந்தால் நாலடிக்குப் பன்னிரண்டு தட்டு கிடைத்துவிடும். பிஓ-33இல் கட்டம் எப்போதும் 16தான். 6/8 என்று ஓர் எஃபெக்ட் உண்டு, அது சமாளிப்பு. கடையில் எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் இதைச் செய்துபாருங்கள்: திஸ்ரத்தில் இரண்டு சுற்று தட்டி, கருவி திருப்பித் தருவதைக் கேளுங்கள். குவாண்டைஸை முழுதாக அணைத்துவிட்டு வாசிக்கவும் பழகுங்கள். உறுமிக்காரர் சற்று முந்துவதும் பிந்துவதும்தான் ஆட்டக்காரர்களின் காலை இழுக்கிறது.

கரண்ட் விஷயத்தில் இபி-133க்கு நாலு AAA போதும். எம்கே2க்கு ஆறு AA வேண்டும், அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டையும் யுஎஸ்பி-சி வழியாகப் பவர்பேங்கில் ஓட்டலாம். ஆனால் குறைவாக மின்சாரம் இழுக்கும் கருவியைச் செருகினால் சில பவர்பேங்குகள் ‘எதுவும் செருகவில்லை’ என்று நினைத்து அணைந்துபோகும், வாங்குமுன் சோதியுங்கள். சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் பேட்டரி இரண்டு செட் வைத்துக்கொண்டால் கவலை பாதி தீரும்.

ஆகவே வெளியே அலைந்து ஓசை பிடிப்பவருக்கு இபி-133, அறையில் உட்கார்ந்து ஒலியை உருக்கி வார்ப்பவருக்கு எம்கே2. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், தீவில் இருப்பவருக்கு நான் இபி-133ஐச் சொல்வேன். ஒரு குறை: அதில் போன் கோப்புகளை ஏற்றக் கணினியும் பிரவுசரும் வேண்டும். எம்கே2க்கு SD கார்டு போதும்.

அகாய் எம்பிசி லைவ் 2 முழு ஸ்டூடியோ. தொடுதிரை, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறும் பேட்டரி எல்லாம் உள்ளே. கணினி இல்லாமல் பாட்டையே முடிக்கலாம். விலை பல மடங்கு. உள்ளே உள்ள லித்தியம் பேட்டரி சோர்ந்துபோனால் பஜாரில் மாற்றுக் கிடைக்காது என்பது என் தயக்கம். நோவேஷன் சர்க்யூட் ரிதமுக்கும் இதே தயக்கம். எலெக்ட்ரான் டிஜிடாக்ட் அருமையான கருவிதான். ஆனால் பேட்டரியே கிடையாது.

கல்யாண மண்டபத்திலும் கோயில் மேடையிலும் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறவருக்கு இவை எதுவும் சரிவராது. குச்சியால் அடிக்கிற ரிதம் பேட்தான் அவருக்கு. ரோலண்ட் ஆக்டபேட் 1985இல் வந்த நாளிலிருந்து நம் மேடைகளில் அதன் இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை. சொந்த ஓசையை ஏற்ற வேண்டுமென்றால் எஸ்பிடி-எஸ்எக்ஸ் பாருங்கள்; சிறு சாம்ப்ளரிலோ போனிலோ பிடித்ததை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் WAV ஆக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளலாம். மேடையில் ஜெனரேட்டர் உண்டு என்பதால் பேட்டரிக் கவலை இல்லை.

ஓசை தேடுகிறவர்கள் ஒரு எல்லையை மதித்தே ஆக வேண்டும். அந்தமானியத் தொல்குடிகள் கேடய வடிவ மரப்பலகையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துத் தாளம் எழுப்பியதைப் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி 1888இல் எழுதிவைத்தார். படித்தால் அந்த ஓசையைக் கேட்க ஆசை வரும். ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களைப் பாதுகாக்கிறது; ஜாரவா பழங்குடியினர் பகுதியைக் கடக்கும் டிரங்க் ரோட்டில் போட்டோவும் வீடியோவும் எடுப்பது குற்றம். ஒலிப்பதிவுக் கருவியும் பையை விட்டு வெளியே வரக் கூடாது. 1970 வாக்கில் சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்தார். 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அதை எடுத்து உலகெங்கும் விற்ற பாட்டாக்கியது. பாடியவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த அநியாயத்தை நாம் நம் தீவில் செய்ய வேண்டாம். துறைமுகம், கடற்படை இடங்களிலும் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். உறுமிக்காரருக்குச் சாம்பிளுக்கான பணமும் பெயரும் கொடுங்கள்.

வாங்கியபின் காக்க வேண்டியது ஈரத்திலிருந்து. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுதல். வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் உள்ளே ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் பனித்திருக்கும். கால் மணி நேரம் போகட்டும்.

முடிந்தால் சென்னைக்குப் போகும்போது அண்ணா சாலை இசைக் கடைகளில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி உள்ள பொருளை விமானச் சரக்கில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு, அதனால் கூரியர் தாமதமாகலாம். ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் பலமாகவும் தட்டுங்கள். பழைய இபி-133 என்றால் ஃபேடரை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். முதலில் வந்த கருவிகள் சிலவற்றில் அது வேலை செய்யவில்லை என்ற புகார் பரவலாக எழுந்தது. மென்பொருள் புதுப்பிப்பையும் அங்கேயே முடித்துவிடுங்கள். 2020 ஆகஸ்ட்டில் கடலடிக் கேபிள் வந்தபின் ஸ்ரீ விஜயபுரம், ரங்கத், கார் நிக்கோபார் போன்ற இடங்களில் இணையம் பரவாயில்லை. கேபிள் கரையேறாத தீவுக்குப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. விமானத்தில் வந்தால் பவர்பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். கப்பலில் வந்தால் மூன்று நாள் உப்புக்காற்று, ஆகவே கடைப்பெட்டியை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.