கயிற்றை இறக்கியவர்கள்

1983ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி மாலை, எண்ணெய் துளைக்கும் கப்பலான ‘எனிவெடாக்’ கெப்பல் துறையிலிருந்து புறப்பட்டது. அதன் உயரமான துளைக்கோபுரம், செந்தோசாவுக்குச் செல்லும் கேபிள் கார் கம்பியில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் இருந்த கடலில் விழுந்தன. எழுவர் மாண்டனர். மேலும் 13 பேர் நான்கு பெட்டிகளுக்குள் அந்தரத்தில் தவித்தனர்.

அன்றிரவு சிங்கப்பூர் ஆகாயப் படையின் ‘பெல் 212’ ஹெலிகாப்டர்கள் வந்தன. வேலை எளிதன்று. ஹெலிகாப்டர் தாழ்ந்து நெருங்கினால், அதன் சுழலிறக்கைகள் கிளப்பும் காற்றில் பெட்டி ஊசலாடும். மேலே விலகி நின்றாலோ கயிறு நீளும்; அதில் தொங்கும் வீரர் காற்றில் அலைவார். விமானிக்கு நேர்கீழே நடப்பது தெரியாது. கதவோரம் இருந்து கயிற்றை இறக்குபவர், “சற்று முன்னே... இன்னும் கொஞ்சம்... போதும்” என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பியே அவர் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்த வேண்டும். கயிறு தாங்குமா என்ற கவலை மட்டும் அவர்களுக்கு இருக்கக்கூடாது. அதைப் புறப்படும் முன்பே சோதித்துத் தருவது தரையிலுள்ள பொறியாளர்களின் பொறுப்பு.

கயிற்றில் இறங்கிய வீரர்கள், நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வார்ப்பட்டையை மாட்டி, ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தனர். பொழுது விடிவதற்குள் 13 பேரும் மீட்கப்பட்டனர்.