உண்ணிக் காய்ச்சல்

பிசான நடவு நடந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்பெல்லாம் புல் அடர்ந்து கிடக்கும் காலமே உண்ணிக் காய்ச்சலுக்கும் உரிய காலமாகும். தாமிரபரணிப் பாசனத்தில் உழவு செய்வோரும், பத்தமடைப் பாய்க்குக் கோரை அறுப்போரும், மாட்டுக்குப் புல் அறுக்கும் பெண்டிரும் இந்நோயை அறிந்திருத்தல் அவசியம். தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கு அச்சம் குறைவு. ஆயினும் பாவு இல்லாத நாட்களில் வயற்கூலிக்குச் செல்லும் நெசவாளருக்கும் இது பொருந்தும்.

பெயரே நம்மைச் சற்றுத் தடுமாறச் செய்கிறது. உண்ணி என்றதும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டி இரத்தம் குடித்துப் பருக்கும் பூச்சியே நினைவுக்கு வரும். அதுவும் குற்றமற்றதன்று. நாய் உண்ணியால் பரவும் ரிக்கெட்ஸியா கொனோரி என்னும் கிருமி வேறொரு டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும். அதில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுங்கூடச் செந்தடிப்புகள் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது, மண்ணில் வாழும் சிற்றுண்ணி ஒன்றின் குஞ்சு. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே.

இதன் வாழ்க்கை விந்தையானது. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு முறை எலியையோ மனிதனையோ கடித்து உடற்சாற்றை உறிஞ்சும். வளர்ந்தபின் யாரையும் கடிப்பதில்லை. அப்படியானால் ஒரு முறையே கடிக்கும் குஞ்சுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக வந்ததாகும். ஆகவே வரப்பு எலிகளை ஒழித்தாலே நோய் அற்றுவிடும் என்று எண்ணலாகாது. எலி அதற்கு உணவு. கிருமியின் கருவூலம் அப்பூச்சியே.

இக்கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் படைவீரர் பலரை வீழ்த்தியது இதுவே. இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுவதால் பெனிசிலின் இதனிடம் செல்லாது.

கடியுண்ட 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் காணும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். பெரும்பாலும் வலி இராது. ஆதலால் நோயாளியே அறியார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, சேலையும் வேட்டியும் இறுகும் இடுப்பு ஆகியவை அது ஒளிந்திருக்கும் இடங்கள். கூச்சத்தால் இவற்றைக் காட்டாமல் விடுவதே பெருங்கேடு. வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம். பொருக்கு இல்லையென்பதால் நோய் இல்லையென்றும் கொள்ளலாகாது.

காலத்தில் டாக்ஸிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் உண்டு. இரண்டும் விலை மிகுந்தவையல்ல. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் தாக்குண்டு உயிருக்கே இறுதியாகும். அத்தகைய கடும் நோயாளிகளுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவதே தனித்தனியே செலுத்துவதினும் மேல் என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் சுமார் 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது.

தடுப்பூசி இல்லை. முழுக்கை, முழுக்கால் உடை அணிக. ஆற்றில் குளிக்கும்போது துணியைப் புல்லிலோ புதரிலோ போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள். காய்ச்சல் கண்டு வைத்தியரிடம் செல்வோர், முந்திய மூன்று வாரங்களில் எந்த வயலில், எந்தக் கரையில் வேலை செய்தோம் என்பதையும் கூறுதல் வேண்டும். டெங்கு, டைபாய்டு, மலேரியா ஆகியவற்றின் குறிகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய இவையே.